கரிக் கணக்கு: செல்லூர் கேள்வி-பதில்

கே: செல்லூர் என்றாலே வெளியூர்க்காரன் 'தெர்மாகோல்' என்று சிரிக்கிறான். இதில் எங்கள் ஊரை வைத்தே சுற்றுச்சூழல் கேள்வி-பதிலா? வெந்த புண்ணில் வேலா?
— 60 அடி ரோட்டுக்காரர்

ப: கோபப்படாதீர்கள் அண்ணே. 2017 ஏப்ரலில் அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். அட்டை பெட்ரோலியத்தில் செய்தது, காற்று அதைக் கரையில் ஒதுக்கியது, மிச்சத்தை மீம்ஸ் போடுகிறவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எட்டு வருஷம் கழித்து, 2025 மே கடைசியில், வேறு கட்சி ஆட்சி. முதல்வர் மதுரைக்கு வந்தபோது, அவர் போகும் வழியில் நம் பந்தல்குடி வாய்க்காலின் அழுக்கு கண்ணில் படாமலிருக்கத் துணி கட்டி மறைத்தார்கள். அது செய்தியானதும் முதல்வரே நேரில் போய் வாய்க்காலைப் பார்த்தார். ஆட்சி மாறினாலும் ஒரு கொள்கை மாறவில்லை: பிரச்சினை தெரிந்தால் மூடு! இந்தப் பகுதியின் கொள்கை நேர் எதிர். திறந்து பார்ப்போம், எண்ணிப் பார்ப்போம்.

கே: எங்கள் தெருவில் ஒருவரிடமும் கார் கிடையாது. பாதிப் பேரிடம் ஃபிரிட்ஜ்கூடப் பழசு. எங்களிடம் போய் கார்பனைக் குறை என்பது நியாயமா?
— மீனாட்சிபுரம் வாசகி

ப: நியாயமில்லைதான். சராசரி அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவை வெளியேற்றுகிறார். உலகச் சராசரி ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. இந்தியச் சராசரி சுமார் இரண்டு டன். உங்கள் தெரு அதற்கும் கீழே இருக்கும். இன்னொரு வேடிக்கை: ஆளாளுக்குத் தங்கள் கார்பன் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை 2004 வாக்கில் பெரிதாகப் பரப்பியது பி.பி. என்ற எண்ணெய்க் கம்பெனி. எண்ணெய் விற்றவரே 'நீ எவ்வளவு எரித்தாய்?' என்று நம்மைக் கேட்டார்!

அதனால் குற்ற உணர்ச்சியைத் தூக்கி வைகையில் போடுங்கள் (குப்பையைப் போடாதீர்கள்). கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் காசு மிஞ்சும். மூன்று எண்கள் போதும். ஒரு யூனிட் மின்சாரம், சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஒரு லிட்டர் பெட்ரோல், 2.3 கிலோ. ஒரு வீட்டுச் சிலிண்டர், 42 கிலோ.

கே: என் வீட்டுக்காரர் ராத்திரி எழுந்து எல்லா சார்ஜரையும் பிடுங்கிப் போடுகிறார். 'கரண்ட் மிச்சம்' என்கிறார். பிறகு ஏசியை 18-ல் வைத்துப் போர்வை போர்த்திப் படுக்கிறார். அவருக்குப் புத்தி சொல்லுங்கள்.
— நரிமேடு குடும்பத் தலைவி

ப: அக்கா, தினமும் செல்போனை முழுக்க சார்ஜ் போட்டாலும் வருஷத்துக்கு எட்டு, ஒன்பது யூனிட்தான் ஆகும். மதுரைச் சித்திரை வெயிலில் ஒன்றரை டன் ஏசியை 18-ல் ஓட்டினால் அதை ஒரே ராத்திரியில் தாண்டிவிடலாம். சார்ஜரைப் பிடுங்குவது தப்பில்லை. அதைச் செய்துவிட்டோம் என்ற திருப்தியில் மற்றதை மறப்பதுதான் தப்பு. ஏசியை 24-க்கு ஏற்றுங்கள், கூட ஃபேனைப் போடுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். போர்வை செலவும் மிச்சம்.

கே: ஏசி வாங்க வசதியில்லை. ஃபேன்தான் இருபத்துநாலு மணி நேரமும் சுற்றுகிறது. எங்களுக்கு ஏதாவது?
— கட்டபொம்மன் நகர் மாடிவீட்டுக்காரர்

ப: மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீடு என்றால் ஃபேன் அங்கே குடும்ப உறுப்பினர். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் முப்பது வாட்டுக்குள்ளேயோ சற்று மேலேயோ அதே காற்றைத் தரும். பதினைந்து மணி நேரம் ஓடினால் மாதம் இருபது யூனிட் மிச்சம், அதாவது 14 கிலோ கார்பன். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசத்துக்குள்ளேயே உங்கள் பில் அடங்கிவிடுகிறது என்றால் காசாக லாபம் இல்லை. அவசரப்படாமல், இருக்கிற ஃபேன் பழுதாகும்போது மாற்றினால் போதும். மாடித் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதை அதற்கு முன் செய்யுங்கள். சூடு குறைவதை உடனே உணர்வீர்கள்.

கே: அடுத்த தெரு டீக்கடைக்கு வண்டி எடுத்தால் மனைவி முறைக்கிறாள். இரண்டு நிமிஷம்தானே சார்?
— வண்டிப் பிரியர், அகிம்சாபுரம்

ப: அரை கிலோமீட்டர், போக வர ஒன்று. காலை, பதினொரு மணி, நாலு மணி, ராத்திரி என்று நாலு டீ. மாதம் 120 கிலோமீட்டர், இரண்டே முக்கால் லிட்டர் பெட்ரோல், ஆறு கிலோ கார்பன், இருநூற்றைம்பது ரூபாய்க்கு மேல். இதில் டீ காசைச் சேர்க்கவில்லை. உலகம் அழியும் அளவு ஒன்றுமில்லை, ஆனால் தொப்பை உங்களுடையது.

பெரிய கணக்கு கோரிப்பாளையத்தில் இருக்கிறது. ஒற்றை ஆளாக வண்டியில் போய் சிக்னலில் நின்று புகை விடுவதற்குப் பதில் பஸ் ஏறுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. உங்கள் மனைவி இலவசமாகப் போய்வருகிறார், நீங்கள் காசு கொடுத்து வெயிலையும் புகையையும் வாங்குகிறீர்கள். முறைக்காமல் என்ன செய்வார்?

கே: சுற்றுச்சூழலுக்காக நான் மஞ்சப்பைக்கு மாறிவிட்டேன். வீட்டில் நாற்பது மஞ்சப்பை இருக்கிறது. பாராட்டுவீர்களா?
— கல்யாணங்களுக்குத் தவறாமல் போகிறவர்

ப: முப்பத்தெட்டு பைக்கு மட்டும் பாராட்டு கிடையாது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. நல்லது. ஆனால் பருத்தி விளைய, நூற்க, நெய்ய, சாயம் போடச் செலவு உண்டு. கார்பன் கணக்கில் மட்டும் பார்த்தால் ஒரு துணிப்பையை 131 முறை எடுத்துப்போனால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும் என்று 2011-ல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை கணக்கிட்டது. வாய்க்காலை அடைக்காது, மாட்டின் வயிற்றுக்குள் போகாது என்பது துணிப்பையின் தனி லாபம். ஆக, இரண்டு பையை வைத்துக்கொண்டு நைந்து போகும்வரை எடுத்துப்போங்கள். அடுத்த கல்யாணத்தில் தாம்பூலப் பை தந்தால், தேங்காயை எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுங்கள். சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்கள் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

கே: பரம்பரையாகக் கைத்தறி நெய்கிறோம். தறிக்கு கரண்ட் கிடையாது, கை காலுக்குத்தான் வேலை. நாங்கள் கார்பன் குறைத்ததற்கு யாராவது காசு தருவார்களா?
— செல்லூர் நெசவாளர்

ப: அண்ணே, இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளிலேயே கனமானது உங்களுடையது. 2023 முதல் தமிழக அரசு இரண்டு மாதத்துக்கு விசைத்தறிக்கு 1000 யூனிட், கைத்தறிக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது. விசைத்தறிக்காரர் பாடும் சிரமம்தான், அவருக்குத் தருவதில் தப்பில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: மோட்டார் ஓட்டுகிறவருக்கு அரசு கொடுக்கும் உதவி மீட்டரில் தெரிகிறது, மோட்டாரே இல்லாமல் நெய்கிறவர் மிச்சப்படுத்தியது எந்த மீட்டரிலும் தெரிவதில்லை. உங்களுக்குக் காசு தர வேண்டியவர்கள் வாசகர்கள். வருஷத்துக்கு நாலு மலிவுத் துண்டு வாங்கிக் கிழிப்பதற்குப் பதில், செல்லூர்க் கைத்தறியில் கெட்டியாக ஒன்று வாங்கலாம். துண்டு வாங்கும்போது பேரம் பேசுகிறவர், மாலில் பேசிப் பார்க்கட்டும்.

கே: ஆட்டுக்கறியால் பூமி சூடாகிறதாமே? கறி தோசை இல்லாமல் மதுரையில் எப்படி சார் வாழ்வது?
— வருத்தத்தில் இருக்கும் அசைவர்

ப: வாழலாம், ஆனால் மதுரைக்காரர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. விஷயம் உண்மை. அசைபோடும் ஆடும் மாடும் மீத்தேனை ஏப்பமாக விடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன், கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். கோழியும் முட்டையும் அதில் மிகக் குறைவு. சைவர்கள் சிரிக்க வேண்டாம், நீர் தேங்கிய நெல் வயலிலும் மீத்தேன் வரும். இட்லிக்கும் பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டன், மற்ற நாளில் முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய பாவம், கல்யாணத்தில் இலை நிறைய வாங்கி பாதியை மூடிவிட்டு எழுவது. ஆட்டையும் கொன்று, சிலிண்டரையும் எரித்து, கடைசியில் குப்பை மேட்டில் அழுகவிட்டு இன்னொரு தவணை மீத்தேன்.

கே: குப்பை குப்பைதானே? ஏன் ஈரம், காய்ந்தது என்று பிரிக்கச் சொல்லித் தூய்மைப் பணியாளர் உயிரை எடுக்கிறார்?
— பாலம் ஸ்டேஷன் ரோடு

ப: உயிரை எடுப்பது நாம்தான், அவர் கையில் உறைகூட இல்லாமல் நம் மீன் முள்ளைப் பிரிக்கிறார். ஈரக் குப்பை மேட்டில் காற்றில்லாமல் புதைந்தால் மீத்தேன், காற்றோட்டத்தில் மக்கினால் உரம். பிளாஸ்டிக்குக்கும் ஒரு வழி உண்டு. கழிவு பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்து ரோடு போடும் முறையைக் கண்டுபிடித்தவர் நம்மூர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பத்மஸ்ரீ வாங்கிய பிளாஸ்டிக்கை சாம்பாரோடு கலந்து கொடுத்தால் அவரே வந்தாலும் ரோடு போட முடியாது.

பிரிக்காத குப்பை கடைசியில் எங்கே போகிறது என்பதை 2024 அக்டோபர் மழையில் செல்லூர் பார்த்தது. சில மணி நேர மழையில் கண்மாய் நிரம்பி, தெருவில் முழங்காலளவு தண்ணீர். குப்பை அடைத்த வாய்க்காலில் தண்ணீர் வெளியேறாது. தேங்கிய சாக்கடை அழுகி, அங்கேயும் மீத்தேன். கண்மாயில் சாக்கடை கலப்பதை நிறுத்துவது வெள்ளத்துக்கும் கொசுவுக்கும் கார்பனுக்கும் சேர்த்து ஒரே மருந்து.

கே: இவ்வளவு எதற்கு? ஆளுக்கொரு மரம் நட்டால் முடிந்ததே?
— வருஷா வருஷம் போட்டோவோடு மரம் நடுபவர்

ப: வருஷா வருஷம் அதே குழியிலா? வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் இருபது கிலோ கரியமில வாயுவை உறிஞ்சும் என்பது பொதுவான மதிப்பீடு. உங்கள் வீட்டு ஒரு சிலிண்டருக்கு அது இரண்டு வருஷம் உழைக்க வேண்டும். நடுவது சுலபம், மூன்று கோடை தண்ணீர் ஊற்றுவதுதான் வேலை. கேரளத்தில் வயநாட்டு மீனங்காடி ஊராட்சி இதைப் புரிந்துகொண்டது. 2016-ல் தொடங்கிய கார்பன் சமநிலைத் திட்டத்தில் நட்டவருக்கு மாலை போடவில்லை, வளர்த்தவருக்கு மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மரத்தை வெட்டினால் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். நம் தெருவுக்கு வேம்பும் புங்கையும் நிழலுக்காக வேண்டும். கார்பன் கணக்கு அதற்குப் பிறகு.

கே: தத்தனேரி மயானத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன். செத்த பிறகாவது என் கார்பன் குறையுமா?
— தத்துவவாதி

ப: விறகுச் சிதை என்றால் சில நூறு கிலோ விறகு. மின்மயானம் என்றால் அது மிச்சம். ஆனால் அது ஒரு நாள் சமாச்சாரம். அதற்கு முன் இருக்கிற வருஷங்களில் ஓவர்ஹெட் டேங்க் நிரம்பி வழிவதைக் கவனித்து மோட்டாரை நிறுத்துங்கள், புண்ணியமாகப் போகும்.

கே: நிஜமாகவே ஒரு ஊர் சேர்ந்து சாதித்த கதை தமிழ்நாட்டில் உண்டா?
— கல்லூரி மாணவி, பி.பி.குளம்

ப: உண்டும்மா. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் வங்கிக் கடன் வாங்கிச் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. ஊர்த் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றது. ஊராட்சி மின்வாரியத்துக்கு பில் போட்ட அதிசயம்! ஜம்முவில் பல்லி என்ற ஊராட்சி 2022-ல் 500 கிலோவாட் சூரிய மின்நிலையத்தோடு செய்திக்கு வந்தது. செல்லூரில் காற்றாலை நிற்காது, ஆனால் வெயிலுக்கா பஞ்சம்? ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளுக்குச் சுமார் நாலு யூனிட் தரும். 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். சொந்த மாடி உள்ளவருக்கு இது. வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். அந்த மாடி பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் இருக்கிறதே! அங்கே தகடு போடச் சொல்லிக் கேட்கலாம்.

கே: நான் ஒருத்தன் மாறி என்ன ஆகிவிடப் போகிறது?
— சலித்துப்போனவர்

ப: உங்கள் பில் குறையும், அவ்வளவுதான். ஏசி, வண்டி, இலையில் மிச்சம் வைத்த சோறு, இந்த மூன்றும் உங்கள் கையில். வாய்க்கால், பஸ், பள்ளி மாடி, குப்பை வண்டி, இந்த நாலும் உங்கள் ஒருவர் கையில் இல்லை. அதற்காகத்தான் 2022 முதல் நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. மொத்தமாகப் போய் 'குப்பையைப் பிரித்து வாங்கும் வண்டி எப்போது வரும், கண்மாயில் சாக்கடை கலப்பது எப்போது நிற்கும், எங்கள் பகுதிக்கு எத்தனை டவுன் பஸ்' என்று மூன்றே கேள்வி கேளுங்கள், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நடந்தே போங்கள். வண்டியில் போனால் அகிம்சாபுரத்து அம்மா முறைப்பார்.