பட்டா பூஞ்சை பேர்ல

ஏட்டி, குத்தாலத்துல சாரல் விழுந்தாச்சு. தோப்புல உளுத்துக் கிடக்க தடி மேல மஞ்சளா என்னமோ வழிஞ்சிருக்கு. நாய் கக்கிப் போட்டதுன்னு உங்க ஆச்சி சாம்பலை அள்ளிட்டுப் போனாளாம். நீ குறுக்க பாஞ்சு, "ஆச்சி, அது சளிப்பூஞ்சை"ன்னியாம். காலேஜுக்குக் கட்டுன துட்டு வீணாப் போவல.

பூஞ்சைன்னு யாரு சொன்னா? தாவரவியல் புஸ்தகமா? அப்ப அப்படியே எழுதி மார்க்கை வாங்கிரு. விலங்கியல் படிக்க உன் சேக்காளி அதையே ஒருசெல் உயிரின்னு எழுதி மார்க்கு வாங்குவா. ரெண்டு பேரும் பாஸ்!

1833-ல லிங்க்னு ஒரு ஜெர்மன்காரர் பூஞ்சைக் கணக்குல பேரு வச்சாரு. 1859-ல அன்டன் டி பாரி, அவரும் ஜெர்மன்தான், வித்து முளைக்கதை உத்துப் பாத்தா, நூலு வரல, அமீபால்லா வருது! விலங்கு பக்கம் தள்ளிட்டாரு. இப்ப டி.என்.ஏ. பாத்தவங்களும் அமீபா வம்சம்னுட்டாவ. ஆனா பேரு வைக்க சட்டம் மட்டும் இன்னும் பாசி, பூஞ்சை, தாவரத்துக்கு உள்ளதுதான். பட்டா ஒருத்தன் பேர்ல, அனுபவம் இன்னொருத்தன்ட்ட. நம்மூர்க்காரனுக்கு இது புதுசா?

வழிஞ்சு கிடக்கும்போதே ஒரு துணுக்கை மைக்ராஸ்கோப்புல வையி. நரம்புக்குள்ள சாறு ஒரு பக்கமா ஓடும், நிக்கும், வந்த வழியே திரும்பி ஓடும். அம்புட்டும் ஒரே செல்லு. உள்ள உட்கரு லட்சக்கணக்குல, நடுவுல சுவரே கிடையாது. பூஞ்சை வெளிய சாறு விட்டுக் கரைச்சு உறிஞ்சும். இது பாக்டீரியாவை அப்படியே முழுங்கும், பூஞ்சையையும் விட்டு வைக்காது. சொந்தக்காரனையா திங்கும்?

சளிப்பூஞ்சைன்னு பேரு வாங்குனதுல கண்ணுக்குச் சிக்காத இன்னொரு கூட்டமும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து நஞ்சுண்டையாவும் கூட்டாளிகளும் முதுமலைக் காட்டு மண்ணுலயும் சாணத்துலயும் அதை எடுத்து வளத்து, 2010-ல எழுதுனாவ. தீனி இருக்க மட்டும் தனித்தனி அமீபா. தீந்துட்டா ஒண்ணாக் கூடி, கொஞ்சம் பேரு செத்துத் தண்டாகி மிச்சத்தை உசரத் தூக்கிரும். அண்ணன் தம்பிக்குச் செஞ்சா சரி; ஒரே தண்டுல வேற வேற வம்சமும் கலந்து நிக்காம். நம்ம தெருவுல கொடைக்கு வரி பிரிச்சுப் பாரேன், தெரியும் நம்ம லட்சணம்.

ஆச்சிட்ட ரெண்டு நாள் தவணை கேளு. மஞ்சள் காஞ்சு, உள்ள கருந்தூளா வித்து நிக்கும். ஒரு துண்டைத் தீப்பெட்டிக்குள்ள ஒட்டு. மேல பேரு, ஊரு, தேதியைப் பேனாவால எழுது. குடும்பத்தை மட்டும் பென்சில்ல எழுது.