ராஜா எழுதிய கள்ளுக்கடை

பாட்டும் கூத்தும் நல்ல கறியுமாக ஒரு பப் வேண்டுமென்று திருப்புட்குழியில் போய் விசாரித்துவிடாதீர்கள். ஜடாயுவுக்கு ராமர் கடைசிக் காரியம் செய்த தலம் அது. வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்தால் முளைவிடும், பிள்ளை பிறக்கும் என்று நம்பி விஜயராகவப் பெருமாள் கோயிலுக்குப் பெண்கள் வருகிறார்கள். வறுத்த பயறுக்கு வெளியூரில் வேறு உபயோகம் உண்டு. இங்கே அந்தப் பேச்சு ஆகாது. கிழக்கே காஞ்சிபுரத்துக்குப் போங்கள். என்ன, 1,400 வருஷம் பின்னாலும் போக வேண்டும்.

அங்கே ராஜா முதலாம் மகேந்திரவர்ம பல்லவர். பாறையைக் குடைந்து கோயில் செய்கிற மனிதர், கை ஓய்ந்த நேரத்தில் நாடகம் எழுதினார். சமஸ்கிருதத்தில் ‘மத்தவிலாசப் பிரகசனம்’. குடிகாரக் கூத்தின் பெயரான மத்தவிலாசமே அவருக்குப் பட்டமாகவும் இருந்தது. ராஜாவை யார் கேட்பது?

கதாநாயகன் சத்தியசோமன், மண்டையோட்டில் பிச்சை வாங்கும் காபாலிகச் சாமியார். கூடவே துணைவி தேவசோமை. காஞ்சித் தெருவில் இரண்டு பேரும் தள்ளாடியபடி கள்ளுக்கடைக்கு வருகிறார்கள். சாமியார் கண்ணுக்குக் கடை யாகசாலையாகவே தெரிகிறது: குடிகாரர்கள் புரோகிதர்கள், சுட்ட கறி அவிசு, போதைப் பாட்டு சாமகானம். மத்தளத்துக்கு ஏற்ற ஆட்டமும் உண்டு.

பிச்சை கேட்டதும் சரக்கு வருகிறது; வாங்கத்தான் மண்டையோட்டைக் காணவில்லை. அதனாலென்ன, மாட்டுக்கொம்பில் வாங்கிக் குடித்துவிட்டுத் தேடக் கிளம்புகிறார்கள். மண்டையோட்டுக்குள் சுட்ட கறி இருந்ததால் சந்தேகம் நாய்மேல், இல்லாவிட்டால் பௌத்த பிட்சுமேல்.

மாட்டுகிறார் பிட்சு நாகசேனர். வணிகர் வீட்டில் மீனும் கறியும் ஒரு பிடி பிடித்துவிட்டு வருகிறவர். புத்தர் மதுவையும் மங்கையையும் அனுமதித்திருப்பார், கிழட்டுப் பிட்சுகள்தான் அந்த ஏட்டை ஒளித்துவிட்டார்கள் என்பது அவர் மனக்குறை. கைகலப்பாகிறது. பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதச் சைவர். வழக்கு மன்றம் போனால் மடத்துக் காசு அங்கே வாயடைத்துவிடும் என்கிறாள் தேவசோமை. கடைசியில் ஒரு பைத்தியக்காரன் மண்டையோட்டோடு வருகிறான். தூக்கிப்போனது நாய்தான்!

காபாலிகன், பிட்சு, பாசுபதர், நீதிமன்றம் என்று ராஜா ஒருவரையும் விடவில்லை. கேட்டதும் கொடுத்த கள்ளுக்கடை மட்டும் தப்பித்தது.

2003 முதல் தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் மூலம் அரசாங்கமே கவனித்துக்கொள்கிறது. கடைக்குக் குறைவில்லை, தள்ளாட்டத்துக்கும் குறைவில்லை. தன் ஊரையே கிண்டலடித்து நாடகம் எழுதுகிற ராஜாதான் மகேந்திரவர்மருக்கு அப்புறம் காஞ்சிக்கு வாய்க்கவில்லை.