மூவாரில் இருந்தே மேற்பார்வை

வா மாப்ளே, உட்காரு. ஸ்கூடாயில் கடைவீடு எடுத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடை போடுறியாமே? குளுவாங் வரைக்கும் பேச்சு வந்துடுச்சு.

வயரிங்குக்கு ஆள் பிடிச்சாச்சா? கூலாய்ப் பையனா? லைசன்ஸ் இல்லை, ஆனா பாதி விலையா? அடடா, விட்டுடாதே. நாலு ஃப்ரீசர், மூணு ஏர்கான், மாவாட்டுற மிஷின் எல்லாத்தையும் அவன் கையிலேயே குடு. சட்டமும் உன் பக்கம்தான். 1994 மின்சார விதிமுறையில் 1,000 வோல்ட் வரைக்கும் குறைந்த மின்னழுத்தம்னு எழுதியிருக்கு. உன் மூணு ஃபேஸ் வெறும் 400 வோல்ட். அது அடிச்சுத் தூக்கிப் போட்டாலும் குறைச்சலாத்தான் அடிச்சதுன்னு வீட்டுல சொல்லிக்கலாம்.

அந்தக் காலத்துல எங்க தோட்டத்தில் இந்தத் தொல்லையே இல்லை. ராத்திரியானா ஜெனரேட்டரை நிறுத்திடுவாங்க. லயத்துக்காரனுக்கு ஷாக் அடிக்கக்கூட நேரம் கிடைக்காது. அப்புறம் எல்.எல்.என், அதான் தேசிய மின்சார வாரியம், அவங்க கரண்ட் வந்துச்சு. 1990 செப்டம்பரில் அதுவே தெனாகா நேஷனல் ஆச்சு. கூடவே காகிதமும் வந்துடுச்சு.

என்ன காட்டுறே? பண்டாராயா பெர்மிட்டா? நல்லா பிரேம் போட்டு மாட்டு. அது சுவரை இடிக்க, மாப்ளே. வயர் இழுக்கிற கதை வேற. புதுசா வயரிங் போட்டாலும் இருக்கிறதை நீட்டினாலும், தெனாகாகிட்ட முன்கூட்டியே எழுத்துல சம்மதம் வாங்கணும். வேலையைச் செய்யறது சுருஹான்ஜாயா தெனாகாவில், அதான் எரிசக்தி ஆணையத்தில், பதிஞ்ச கான்ட்ராக்டரா இருக்கணும். பக்கத்தில் தகுதிச் சான்று உள்ள வயர்மேன் நின்னு பார்க்கணும். அந்தச் சான்றிலும் ஒரு ஃபேஸா, மூணு ஃபேஸான்னு எல்லை போட்டிருக்கும். ஒரு ஃபேஸ்காரர் உன் கடை வாசல்ல டீ குடிக்கலாம், போர்டைத் தொடக்கூடாது.

வேலை முடிஞ்சா வயர்மேன் கையெழுத்துப் போடுற படிவம், போராங் ஜி: நான் மேற்பார்வை பார்த்தேன், வேலை முடிஞ்சதுன்னு. அடுத்து போராங் எச்: சோதிச்சேன், சரியா இருக்குன்னு. இதுக்கும் உன் கூலாய்ப் பையன் வழி வெச்சிருப்பானே! மூவார்ல ஒருத்தர் இருக்காராம், கடைப் பக்கமே வராம காசுக்குக் கையெழுத்துப் போடுவாராம். என்ன கண்ணுடா அவருக்கு! அங்கே உட்கார்ந்தபடியே உன் சீலிங்குக்குள்ள இருக்கிற வயரைப் பார்த்துடறார், இயர்த்தை அளந்துடறார், இ.எல்.சி.பி பிரேக்கர் விழுதான்னு தட்டியும் பார்த்துடறார். எங்க ஊர்க் கோடாங்கிகூட உடுக்கையை நேர்ல வந்துதான் அடிப்பான்.

ஆனா ஒண்ணு. ஒருநாள் ஃப்ரீசர் பின்னாடி புகை வந்து, இன்சூரன்ஸ்காரன் வந்து நின்னா, கறிக்குழம்பு எப்படின்னா கேட்பான்? வயரிங் யார் செஞ்சது, காகிதம் எங்கேன்னுதான் கேட்பான். அன்னைக்கு மூவார்க்காரருக்கு ஸ்கூடாய் எந்தத் திசைன்னே மறந்து போயிருக்கும். கூலாய்ப் பையன் போன் எடுக்க மாட்டான். வாடகை ஒப்பந்தத்துல இருக்கிறது உன் பேரு மட்டும்தான்.

இதெல்லாம் கிழவன் பேச்சு, நீ உன் இஷ்டப்படி செய். மிச்சம் பிடிக்கிற காசில் வாசல்ல பெரிய லைட் போர்டு வைக்கப் போறியா? வை, அதுவும் வயரிங் பிளான்ல இருக்கட்டும். திறப்பு விழாவுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே. அந்த மூவார்க்காரரையே கூப்பிடு. ரிப்பனையும் அங்கே இருந்தே வெட்டிடுவார்.