பெண்மகவுக்குப் பெயரிடு படலம்

பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "என்ன எழுத்து வந்திருக்கு?" என்பதுதான். நட்சத்திரம் 27, ஒவ்வொன்றுக்கும் பாதம் 4, ஆக 108 எழுத்துகளைப் பஞ்சாங்கம் பங்கிட்டு வைத்திருக்கிறது. ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. சுவாதிக்கு ரு, ரே, ரோ, த. திருவாதிரைக்கு கு, க, ங, ச. சிக்கல் திருவாதிரை மூன்றாம் பாதத்தில் பிறந்தவளுக்குத்தான். அவளுக்கு உரிய எழுத்து ங.

ஙகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியத்தின் முடிவு. நன்னூல் அங்ஙனம், இங்ஙனம் போன்ற சொற்களை முன்னிட்டு அதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது. ஆனால் அங்கிருந்து ஒரு பெண்ணுக்குப் பெயர் எடுக்க முடியாது. ஆத்திசூடியில் ஙகர வரிக்கு வந்தபோது ஔவையாரே அந்த எழுத்தின் வடிவத்தைத்தான் பொருளாக எடுத்துக்கொண்டார். ரோகிணி நாலாம் பாதமும் இதே நிலைதான்: வகரம் உ, ஊ, ஒ, ஓ ஆகிய நான்கு உயிர்களோடும் சொல்லுக்கு முதலாகாது. சுவாதியின் முதல் மூன்று பாதங்களும் ரகரம். ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லைத் தொடங்குவதில்லை என்பதால்தான் பழைய பத்திரங்களில் இராதா, இலட்சுமி என்று முன்னால் ஓர் இகரம் நிற்கிறது. அந்த 108 கட்டமும் வடமொழி ஒலிகளைக் கொண்டு வகுத்தவை. அவற்றைத் தமிழில் எழுதியபோது சில கட்டங்கள் பெயருக்கு உதவாமல் போயின. விவரம் தெரிந்த புரோகிதர் அதே நட்சத்திரத்தின் வேறு பாதத்து எழுத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வார். அதைக் கேட்பதே நல்லது.

அல்லது நட்சத்திரத்தின் பெயரையே வைத்துவிடலாம். ஆதிரை என்பது வடமொழி ஆர்த்ராவின் தமிழ் வடிவம். ஈரமானது என்று பொருள். மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபியில் முதல் பிச்சையை இட்டவள் ஆதிரை. ஈரத்துக்கும் அன்னத்துக்கும் உரிய இந்தப் பெயரைவிட நல்லதைத் திருவாதிரைப் பெண்ணுக்கு நான் இதுவரை கண்டதில்லை.

இதற்கு மனுஸ்மிருதியில் தடை இருக்கிறது. நட்சத்திரம், மரம், நதி, மலை, பறவை, பாம்பு ஆகியவற்றின் பெயர் கொண்ட பெண்ணை மணக்கக் கூடாது என்கிறது அதன் மூன்றாம் அத்தியாயம். அதன்படி ரேவதி, சித்ரா, அனுராதா, காவேரி, யமுனா, நர்மதா, துளசி எல்லோரும் வீட்டோடு இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கெல்லாம் கல்யாணமாகிப் பேரன் பேத்தியும் பிறந்துவிட்டார்கள். நம் ஊர் இந்த விதியை ஒரு நாளும் மதிக்கவில்லை, அது நம் ஊருக்குப் பெருமை. ஆனால் அதே நூலின் இரண்டாம் அத்தியாயம் சொல்லும் ஒன்றைத் தள்ள முடியாது: பெண்ணின் பெயர் சொல்ல எளிதாக, பொருள் தெளிவாக, நெட்டெழுத்தில் முடிவதாக இருக்க வேண்டுமாம். மற்றவர்கள் எல்லாம் முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கையில் இந்த ஒரு விதி கடையெழுத்தைப் பார்க்கிறது.

தொல்காப்பியரும் பார்த்தார். மொழிமரபில் சொல் எப்படித் தொடங்கலாம் என்று வகுத்தவர், விளிமரபு என்று ஓர் இயலையே ஒதுக்கி, பெயரைக் கூப்பிடும்போது அதன் கடைசி எழுத்து என்ன ஆகிறது என்று வரிசையாகச் சொல்கிறார். இகரம் ஈகாரமாகும், நம்பி நம்பீ ஆவது போல. ஐகாரம் ஆய் ஆகும், நங்கை நங்காய் ஆவது போல. பக்கத்தில் இருப்பவரை அழைத்தால் பெயர் இயல்பாக நிற்கும், தூரத்தில் இருப்பவரை அழைத்தால் நீளும். பெயரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெற்றோர் முதலில் படிக்க வேண்டியது இந்த இயல் என்பது என் முடிவு. ஜாதகத்திலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர் எழுத்தாகக் கிடக்கிறது. ஆறு மணிக்குத் தெருமுனையில் விளையாடும் பிள்ளையை வாசற்படியில் நின்று கூப்பிடும்போதுதான் அது பெயராகிறது.

அந்த வாசற்படியில் நின்று சில பெயர்களைச் சோதிக்கலாம். மெய்யெழுத்தில் முடியும் பெயரைப் பேச்சுத்தமிழ் அப்படியே விடாது, ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். மலர் மலரு ஆவாள். இன்று பெரிதும் விரும்பப்படும் யாழினி, மகிழினி இரண்டிலும் ழகரம் நடுவில் இருக்கிறது. மதுரைப் பக்கம் அவள் யாளினி. வாழைப்பழம் வாயப்பயம் ஆகும் பழைய சென்னைத் தெருக்களில் யாயினி. யாழ் என்ற கருவியே வழக்கொழிந்து, விபுலாநந்த அடிகள் யாழ்நூலில் (1947) அதன் இலக்கணத்தை ஆராய்ந்து மீட்க வேண்டியிருந்த மொழியில், பெண் குழந்தைகள் வழியாக அந்தச் சொல் தினமும் உச்சரிக்கப்படுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ழகரம் வராத அத்தை அந்த வீட்டில் இருந்தால் அவளுக்கு இப்போதே பயிற்சி தொடங்கட்டும். பெயர் சூட்டும் நாளில் தாம்பாளத்துப் பச்சரிசியில் பெயரை எழுதிய பிறகு, குழந்தையின் காதில் அதை மூன்று முறை சொல்லப்போகிறவள் அவள்தான்.

பெயரைத் தமிழாக்கம் செய்தவர்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம் மறைமலையானார். அவர் மக்களில் மாணிக்கவாசகம் மணிமொழியானார், திருஞானசம்பந்தன் அறிவுத்தொடர்பு ஆனார், திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனாள். பொருளில் அணுவளவும் பிசகவில்லை. கூப்பிட்டுப் பாருங்கள், மணிமொழி வாயில் நிற்கிறது, முந்நகரழகி பாதியில் மூச்சு வாங்க வைக்கிறது. இன்னொரு மகள் நீலாம்பிகையோ, வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் காட்டும் அகராதியைத் தொகுத்தும், கடைசிவரை நீலாம்பிகை என்ற பெயரிலேயே அறியப்பட்டார். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஈ.வெ.ராவைப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானித்த மாநாடு அது. ஒரு பெயர் எப்படி நிலைக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. ஊர் முழுக்க அப்படிக் கூப்பிட்டது, நிலைத்தது.

பெரியாழ்வாரை இங்கே விட்டுவிட முடியாது. காசுக்கும் கரை போட்ட துணிக்கும் ஆசைப்பட்டுப் பிள்ளைக்கு யார் யார் பெயரையோ வைக்கிறீர்களே, நாராயணன் பெயரை வையுங்கள் என்று ஒரு பதிகமே பாடியவர் அவர். உச்சிக்கு எண்ணெயும் நெற்றிச் சுட்டியும் கைவளையும் கிடைக்கும் என்று பெயரை விற்பவர்களையும் அதில் கடிந்துகொள்கிறார். அப்படிப்பட்டவர் துளசிச் செடியடியில் கண்டெடுத்த பெண்ணுக்குச் சூட்டியதாக வைணவ மரபு சொல்லும் பெயர் கோதை. பூமாலை, அவ்வளவுதான். அந்தப் பெண்ணும் தன் பாசுரங்களில் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். அவர் கைத்தொழில் மாலை கட்டுவது, கையில் இருந்ததைப் பெயராகக் கொடுத்தார். இதில் முரண்பாடு காண்பவர்கள் இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் வைப்பவருக்கு நெருக்கமான பொருள் பெயரில் இருந்தால் போதும்.

கோவலனும் அதைத்தான் செய்தான். மாதவி மகளுக்கு என்ன பெயர் என்று முதிய கணிகையர் கேட்டபோது, நடுக்கடலில் கப்பல் உடைந்து தத்தளித்த தன் முன்னோன் ஒருவனைக் காத்த தெய்வத்தின் பெயரைச் சொன்னான். ஆயிரம் கணிகையர் மணிமேகலை என்று வாழ்த்தினார்கள் என்கிறது சிலப்பதிகாரம். கடனைத் தீர்க்க வைத்த பெயர் அது.

பொருள் சொல்லும் பெயர்ப் புத்தகங்களை நம்பிவிடக் கூடாது. அவற்றில் பாதிப் பெயர்களுக்கு அழகு என்றும் மீதிக்கு ஒளி என்றும் போட்டிருக்கும். அஸ்மிதாவுக்குப் பெருமிதம் என்று எழுதியிருப்பார்கள். யோக சூத்திரத்தில் அது மனிதனைப் பிடித்த ஐந்து கிலேசங்களில் இரண்டாவது, 'நான்' என்னும் பற்று. அபர்ணாவுக்குப் பார்வதி என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இலையைக்கூட உண்ணாமல் தவமிருந்தவள் என்பது அதன் முழுப் பொருள். சோறு ஊட்டும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். எண்கணிதத்துக்கு ஒரு வரி போதும்: ஆப்பெழுத்தில் எழுதிய பாபிலோனியரின் பெயரால் ஆங்கில எழுத்துகளுக்கு மதிப்புப் போடுகிறார்கள். கூடுதலாகச் சேர்க்கும் ஒரு 'ஹெச்' யார் காதிலும் விழுவதில்லை.

பாட்டி பெயரை வைக்கும் வழக்கம் இதைவிட மதிக்கத்தக்கது, ஆனால் அதிலும் விளிதான் முட்டுக்கட்டை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. மாமியார் பெயர் மீனாட்சி, பேத்தியும் மீனாட்சி. பெற்றவள் அவளை என்ன சொல்லி அழைப்பாள்? பாப்பா என்பாள், குட்டி என்பாள், அம்மாடி என்பாள். அந்தப் பிள்ளை பள்ளியில் முதல் நாள் வருகைப் பதிவில் மீனாட்சி என்று அழைக்கப்படும்போது திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மருமகளுக்கும் சொல்ல உரிமை உள்ள பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நான் வாதாடுவேன். பத்து மாதம் சுமந்தவள் அவள்.

இனிச் சொல்லப்போகும் பெயர்கள் புத்தகங்களில் இல்லை. குப்பாயி, பிச்சம்மாள், மூக்காயி. மூத்த பிள்ளைகள் தங்காத வீட்டில் பிறந்தவளைக் குப்பையில் புரட்டி எடுப்பார்கள், தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவார்கள், மூக்குக் குத்துவார்கள். எமன் கண்ணுக்கு அவள் விலையற்றவளாகத் தெரிய வேண்டும் என்று அந்தப் பெயரை வைப்பார்கள். கேட்கத்தான் அவை இழிவாக இருக்கின்றன, வைத்தவர்கள் நெஞ்சில் இருந்தது இவளாவது தங்கட்டும் என்ற ஏக்கம்.

வேண்டாம், போதும்பொண்ணு என்பவை வேறு. பெண்ணாகவே பிறக்கிறதே என்று, அடுத்தது ஆணாகட்டும் என்று வைத்த பெயர்கள் அவை. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் இன்றும் அப்படிப் பெயருடைய பெண்கள் இருக்கிறார்கள். விளி நோக்கில் பார்த்தால் இதன் கொடுமை தெரியும். தண்ணீர் எடுத்து வரச் சொல்லும்போதும், பரீட்சையில் தேறியதற்குக் கைதட்டும்போதும் அவள் காதில் விழுவது வேண்டாம் என்பதுதான். பிறக்கப்போகும் தம்பிக்கு எழுதிய விண்ணப்பத்தை வாழ்நாள் முழுக்க அவள் சுமக்கிறாள். மராத்தியில் இதே பொருளில் நகுசா என்று வைப்பார்கள். 2011 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்ட நிர்வாகம் ஒரு விழா எடுத்து, அந்தப் பெயர் தாங்கிய 285 பெண்களுக்கு வேறு பெயர் சூட்டியது. அரசு அலுவலகம் ஒன்று அத்தை வேலையைச் செய்த நாள் அது. நம் மாவட்டங்களிலும் அது நடக்க வேண்டும்.

பிறப்புப் பதிவில் பெயர்ப் பகுதியை உடனே நிரப்பியாக வேண்டிய கட்டாயமில்லை. ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஆகவே எழுத்து வந்துவிட்டது என்று அவசரப்படாமல், தேர்ந்த இரண்டு மூன்று பெயர்களை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு வாரம் சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். பெற்றவள், பாட்டி, பல் விழுந்த தாத்தா, மழலை மாறாத அண்ணன் என்று எல்லோர் வாயிலும் உடையாமல் நிற்பதை எழுதிக் கொடுங்கள். வேண்டாம் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்ட வீட்டார், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து அதை மாற்றிக்கொடுக்கலாம். மகள் 18 வயதைக் கடந்திருந்தால் அவளே விண்ணப்பிக்கலாம்.