எந்த லைப்ரரியில?

இந்த ஆசாமியிடம் போய் "ஒரு பாட்டு போடுங்களேன்" என்று கேட்டுவிடாதீர்கள். "எந்த லைப்ரரியில?" என்று திருப்பிக் கேட்பார்.

பாட்டெல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தால் இவருக்குத் தூக்கம் வராது. கர்நாடகம், பக்தி, இளையராஜா, மற்றவர்கள் என்று நான்கு லைப்ரரி. விண்டோஸ் ஐடியூன்ஸில் ஷிஃப்டை அமுக்கிக்கொண்டே திறந்தால் எந்த லைப்ரரி என்று அதுவே கேட்கும். ஆனால் விரலால் அமுக்குவதா? கௌரவம் என்னாவது! லினக்ஸுக்குக் குடிபெயர்ந்து, திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடும் எம்பிடி பிளேயரைப் பிடித்தார். லைப்ரரிக்கு ஒரு கான்ஃபிக் கோப்பு. ஓடுவதை நிறுத்தி, அடுத்த கோப்பைக் கொடுத்துக் கிளப்ப ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். பத்து வரி வேலை. இவர் கையில் அது முந்நூறு வரியைத் தாண்டிவிட்டது.

காரணம் மார்கழி. அந்த மாதம் விடியற்காலையில் பிளேயர் தானாகவே கர்நாடகத்துக்கு மாற வேண்டுமாம். குறித்த நேரத்தில் வேலையைக் கிளப்பிவிடும் கிரானுக்கு டிசம்பர் தெரியும், ஜனவரி தெரியும், மார்கழி தெரியாது. டிசம்பர் பாதிக்கு ஒரு வரி, ஜனவரி பாதிக்கு ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. இவரோ, ஒருநாள் முன்பின்னாகப் பிறந்தால் என்ன செய்வது என்று பஞ்சாங்கத்தையே ஸ்கிரிப்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

பாட்டுக் கோப்புக்குள் பாடகர், இசையமைப்பாளர் பெயரைச் சொல்லும் டேக்கைத் திருத்துவது தனிப் புராணம். ஆங்கிலத்தில் இளையராஜா பெயரை மூன்று விதமாக எழுதி வைத்தால், பிளேயர் மூன்று பேர் என்றே கணக்கு வைக்கும். இவருக்கு அது ராஜத்துரோகம். ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து மூவரையும் ஒருவராக்குவார். அவ்வளவு நேரமும் ஒரு பாட்டுகூட ஓடாது. ஓடினால் கவனம் சிதறுமாம்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா கூப்பிடுவார்: "டேய், கந்த சஷ்டி கவசம் போடுடா!"

"இரும்மா, பக்திக்கு மாத்திட்டிருக்கேன்."

மாறாது. பழைய பிளேயர் சாகாமல் 6600-ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். புதியது உள்ளே வர முடியாது. இவர் எர்ரரைப் படித்து முடிப்பதற்குள், சூலமங்கலம் சகோதரிகளுக்காகக் காத்திராமல், அம்மா கவசத்தைத் தானே பாடி முடித்துக் கற்பூரமும் காட்டிவிடுவார்.

இவர் வீட்டுக்குப் போகிறவர்கள் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டால், நேரே சமையலறைப் பக்கம் போய்விடுங்கள்.