அப்புக்காத்து இல்லாத ஊர்

எங்கள் சின்ன வயதில் மலையகத்து றொசல்லத் தோட்டத்தில் சட்டம் என்றால் சின்னத்துரை, அப்பீல் என்றால் பெரியதுரை. அதுக்கும் மேலே போகவேண்டுமென்றால் கோச்சியேறி ஹட்டன் தொழிற்சங்க ஆபிசுக்குப் போய்க் குந்தவேண்டும். ஜில்லா பிரதிநிதிதான் எங்கள் அப்புக்காத்து. தொழில் நியாய சபையில் தொழிலாளிக்காகச் சங்கத்தாள் பேசலாம். பீஸ், சம்பளத்தில் வெட்டுகிற சந்தாதான்.

யாழ்ப்பாணத்தில் அப்படியில்லை. இராமநாதன், ஜி.ஜி. பொன்னம்பலம், செல்வநாயகம் என்று அரசியலே கறுப்புக் கோட்டுப் போட்டுத்தான் நடந்தது. மிஷன் பள்ளிக்கூடங்கள் தந்த இங்கிலீசுதான் காரணம் என்பார்கள். இருக்கலாம். எனக்கென்னவோ வேலிதான் பெரிய காரணமாகப் படுகிறது. சீதன உறுதி, பங்குக் காணி, தேசவழமை. கதியால் ஒரு சாண் நகர்ந்தால் அப்பன் தொடங்கிய வழக்கை மகன் நடத்துவான். அமெரிக்காவில் ஆள்வீதம் பார்த்தால் வக்கீல்கள் அதிகம் இருப்பது வாஷிங்டனில். அங்கே இருப்பது அதிகாரம். சொத்தோ அதிகாரமோ, ஒன்றாவது இருந்தால்தான் கறுப்புக் கோட்டுக்குப் பிழைப்பு.

எங்களிடம் என்ன இருந்தது? லயத்துக் காம்பிராவின் சுவரும் தோட்டத்துடையது, தகரமும் தோட்டத்துடையது. அண்ணன் தம்பி எதைப் பிரித்துக்கொண்டு கோட்டுக்குப் போவது? வேலைநீக்கப் பத்துச்சீட்டு கிடைத்தால் சட்டிபானையைத் தூக்கவேண்டியதுதான்.

வழக்கே இல்லை என்றும் சொல்லமுடியாது. 1937இல் தொழிலாளர் பக்கம் பேசிய பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்காரரை நாடுகடத்தக் கவர்னர் உத்தரவிட்டார். எச்.வி. பெரேரா வாதாடினார், உயர் நீதிமன்றம் பிரேஸ்கேர்டிலை விடுவித்தது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றுப்போன எங்கள் ஆட்களுக்கு அந்த யோகம் இல்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் கேட்ட கோடகன்பிள்ளையின் வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய், 1953இல் தோற்றது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டுபேரும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். இலங்கையின் மிகப்பெரிய பங்குப் பிரிவினை அதுதான். பங்குபோட்டது எங்களை என்பதால், எங்களுக்கு அப்புக்காத்து தேவைப்படவில்லை.

எங்கள் பிள்ளைகள் கறுப்புக் கோட்டுப் போடவும் நாளானது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்ததே 1970களில். நாடற்றவர் கணக்கு 2003 சட்டத்தோடுதான் முடிந்தது. இன்றைக்கு லயத்தில் பிறந்த பிள்ளைகள் சட்டத்தரணியாகி ஹட்டன் நீதிமன்றத்தில் பிணை கேட்கிறார்கள். பொம்பிளைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொழுந்துக்கூடை தூக்கிய அம்மாமார் அந்தக் கறுப்புக் கோட்டைத் தோய்த்துக் காயப்போடும்போது அக்கம்பக்கத்துக்குத் தெரிகிற மாதிரித்தான் போடுகிறார்கள்.

சில குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியும் தனிவீடும் கிடைத்திருக்கின்றன. உறுதி கைக்கு வராதவர்களும் உண்டு. ஆனால் உறுதி வரும்வரை சண்டை காத்திருக்குமா? போன மாரியில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் கோழிக்கூட்டைப் பக்கத்துக் காணிக்குள் அரையடி தள்ளிக் கட்டிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் நடுரோட்டில் நின்று சத்தம் போட்டார்:

"கோட்டுல பாப்போம்யா!"

துரையிடம் சொல்வேன் என்றோ சங்கத் தலைவரைக் கூட்டிவருவேன் என்றோ அவர் சொல்லவில்லை. எங்கள் சொந்தக்காரர் கூட்டைப் பிரிக்கப் போனார். நான்தான் தடுத்தேன். "இருக்கட்டும் மாமா, ஊரு முன்னேறட்டும்."