கூட்டோட்டத்தில் கடைசி வண்டி: மார்கழி மலைப்பயணம் குறித்து ஓர் ஆய்வு

கார் கிளப்காரர்கள் மார்கழி மாதத்தில் வரிசை கட்டி மலையேறும் வழக்கம் பற்றித் தமிழில் முறையான ஆய்வு நடந்ததாகத் தெரியவில்லை. யானைப் படைக்கும் தேர்ப் படைக்கும் அணிவகுப்பு வகுத்துப் பார்த்தவர்கள் நாம். பதினைந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொள்ளாச்சி சாலையில் போவதற்கு மட்டும் இலக்கணம் செய்யாமல் விட்டுவிட்டோம். அந்தக் குறையை இயன்ற அளவு நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வின் எல்லை கோவை ஈச்சனாரியில் தொடங்கி வால்பாறையில் முடிகிறது. இடையே சமவெளியும் தென்னந்தோப்பும் ஆழியாறு அணையும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் வருகின்றன. கருதுகோள் இதுதான்: கூட்டுப் பயணம் எப்படி அமைந்தது என்பதற்கு முதல் வண்டிக்காரர் சொல்லும் சாட்சியம் செல்லாது. கடைசி வண்டிக்காரரைத்தான் கேட்க வேண்டும். அவரை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அவர் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்.

முதலில், ஏன் மார்கழி? கோவையில் விடியற்காலை வெப்பநிலை இருபது டிகிரிக்குக் கீழே இறங்கியதும், என்றோ மணாலிக்குப் போவதற்காக வாங்கிய ஜாக்கெட்டுகள் பீரோவிலிருந்து வெளியே வருகின்றன. அவற்றைப் போட்டுக்கொள்ள ஒரு காரணம் தேவைப்படுகிறது என்பது ஒரு சாரார் கொள்கை. இதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைவிட வலுவான காரணம் சொல்வார்கள். அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் பெட்ரோல் பம்ப் இன்ஜினை ஒட்டியே இருக்கிறது. சித்திரை வெயிலில் மலையேறினால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ளப் பார்த்துத் தோற்கும், வண்டி நின்றுவிடும். அந்தக் காலத்து டிரைவர்கள் இதற்கென்றே ஒரு துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்றிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைப்பார்கள். பீடி முடியவும் பம்ப் ஆறவும் சரியாக இருக்கும். மார்கழியில் அந்தத் துண்டுக்கு வேலை குறைவு. ரேடியேட்டரும் அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. எனவே குளிர்காலக் கூட்டோட்டம் என்பது அடிப்படையில் கிழ வண்டிகளுக்குச் செய்யும் மரியாதை. புதிய வண்டிகள் கூடவே வருகின்றன, அவ்வளவுதான்.

இதற்கு வெளிநாட்டு முன்மாதிரியும் உண்டு. 1896 நவம்பர் 14 அன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு மோட்டார் வண்டிகள் கூட்டமாகக் கிளம்பின. வேக வரம்பை மணிக்கு 14 மைலாக உயர்த்திய சட்டத்தைக் கொண்டாடத்தான் அந்தக் குளிரில் போனார்கள். 1927இல் அதை மீண்டும் ஓட்டிப் பார்த்தார்கள். இன்றும் 1905க்கு முற்பட்ட வண்டிகள் நவம்பரில் ஒரு ஞாயிறு விடியலில் அதே பாதையில் போகின்றன. நம் ஆய்வுக்குத் தேவையான செய்தி வேறு. முதல் ஓட்டத்திலேயே எத்தனை வண்டிகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன என்பதில் தகராறு. ஒரு மின்சார வண்டி ரயிலில் ஏறி வந்து, ஊர் எல்லையில் சேற்றைப் பூசிக்கொண்டு வரிசையில் சேர்ந்தது என்றுகூட ஒரு பேச்சு உண்டு. பின்தங்கியவனின் மனநிலை புரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

இனித் திட்டமிடல். இது கார்த்திகையிலேயே வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிவிடும். எந்த மலை என்பது முதல் சர்ச்சை. இங்கே மலையின் தகுதி உயரத்தால் அளக்கப்படுவதில்லை, வளைவுகளால் அளக்கப்படுகிறது. கொல்லிமலை 70, வால்பாறை 40, கல்லட்டி 36, ஏற்காடு 20, ஏலகிரி 14. ஏலகிரி என்று வாயெடுத்தவர் அன்று முழுவதும் தலைதூக்க முடியாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் அது வந்துவிட்டது. ஆக மலையை மாற்றி இ-பாஸிலிருந்து தப்பலாம் என்ற வாதம் இப்போது எடுபடுவதில்லை. பதினைந்து வண்டிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அதில் ஒருவர் விற்றுவிட்ட பழைய வண்டியின் எண்ணைப் போட்டிருப்பார்.

யார் வருகிறார்கள் என்பதைக் கண்டறிவது அடுத்த சிக்கல். கட்டைவிரல் படம் போட்டவர்களைக் கணக்கில் கொள்ளக் கூடாது. அது ‘படித்துவிட்டேன்’ என்பதற்கான அடையாளம் மட்டுமே. ‘ட்ரை பண்றேனுங்க’ என்றால் வரமாட்டார். ‘ஃபேமிலியோட வரலாமுங்களா?’ என்று கேட்பவர் நிச்சயம் வருவார், ஒரு மணி நேரம் கழித்து. எதுவுமே சொல்லாமல் இருந்தவர்தான் முதல் ஆளாக வந்து, ஈச்சனாரிப் பிள்ளையார் கோயில் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஈச்சனாரியில் கூடுவது தற்செயல் அல்ல. பொள்ளாச்சி சாலையில் பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த வண்டியும் தெற்கே போவதில்லை. மார்கழியில் நடையும் சீக்கிரம் திறந்துவிடும். ‘ஐந்து மணி ஷார்ப்’ என்று அட்டவணை சொல்லும். ஐந்தேகாலுக்குப் போன் அடித்தால், ‘சுந்தராபுரம் தாண்டீட்டேனுங்ணா’ என்று பதில் வரும். பின்னணியில் குக்கர் விசில் கேட்கும். சுந்தராபுரத்தில் நடுச்சாலையில் குக்கர் ஏன் கூவுகிறது என்று கேட்பது நாகரிகம் அல்ல.

இந்தக் காத்திருப்பு வீணானது என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. கிளப்பின் உண்மையான கூட்டம் நடப்பதே இந்த அரை மணியில்தான். சென்னையில் தயாரான பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதன் பானெட் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து வண்டியின் முகமே முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். உள்ளே இன்ஜினும் இரு முன்சக்கரங்களும் அப்பட்டமாக நிற்கும். அதைச் சுற்றி எட்டுப் பேர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஒன்றும் பேசாமல் பார்ப்பார்கள். ஒருவர் ஒரு வயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘ம்’ என்பார். மற்ற ஏழு பேரும் தலையாட்டுவார்கள். பத்து லட்சத்துக்குக் கார் வாங்கியவரின் பானெட்டை யாரும் திறக்கச் சொல்வதில்லை. திறந்தாலும் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரியும்.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி, தேங்காய் உடைந்து, வரிசை கிளம்புகிறது. இங்கிருந்து கணிதம் தொடங்குகிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், வண்டிக்கு வண்டி மூன்று விநாடி இடைவெளி விட்டால், அது 50 மீட்டர். பதினைந்து வண்டிக்குப் பதினான்கு இடைவெளி. வண்டிகளின் நீளத்தையும் சேர்த்தால் வரிசை முக்கால் கிலோமீட்டர் ஆகிவிடும். ஒரு புள்ளியை இது கடக்க 45 விநாடி வேண்டும். சிக்னலில் பச்சை 30 விநாடி என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது வண்டியோடு பச்சை முடிகிறது. பதினொன்று முதல் பதினைந்து வரை சிவப்பில் நிற்கும். ஒரு நிமிடம் நின்றால் முன்னே போனவர்கள் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பார்கள். 80இல் துரத்தினால் மூன்று நிமிடம், நான்கு கிலோமீட்டர் கழித்துத்தான் பிடிக்க முடியும். அதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிடும். ஆகவே பதினைந்து வண்டி வரிசை என்று ஒன்று உலகில் கிடையாது. ஒரு பெரிய வரிசையும், அதைப் பிடிக்கத் துடிக்கும் ஒரு சிறிய வரிசையும்தான் உண்டு.

சிக்னலே இல்லாவிட்டால்? ஜப்பானில் சுகியாமா என்ற இயற்பியலாளரும் குழுவினரும் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, மாடு இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை. சற்று நேரத்தில் தானாகவே நெரிசல் உண்டாகிவிட்டது. ஒருவர் கொஞ்சம் காலெடுத்தால், பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் பிரேக் மிதிக்கிறார். அந்த அலை பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. நம் பாஷையில் சொன்னால், முதல் வண்டிக்காரர் ஒரு பலகாரக் கடையை நிதானமாகத் திரும்பிப் பார்த்த பாவத்துக்குக் கடைசி வண்டிக்காரர் சடன் பிரேக் அடிக்கிறார். முன்னவர் இறங்கி, ‘ஒரே சீரா ஐம்பதுலயே வந்தமுங்க, ஜம்முன்னு இருந்துச்சு’ என்பார். பின்னவர் அதே தூரத்தை நாற்பதுக்கும் தொண்ணூறுக்கும் இடையே ஊஞ்சலாடி வந்திருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

அநீதி முழு உருவம் எடுப்பது தேநீர்க் கடையில். பொள்ளாச்சி தாண்டி ஒரு கடையில் இருபது நிமிட ஓய்வு என்று அட்டவணை சொல்கிறது. முதல் வண்டி வந்து நிற்கிறது. அவர் முகம் கழுவுகிறார், டீ குடிக்கிறார், சூடாக ஒரு பருப்பு வடை தின்கிறார், தென்னந்தோப்புப் பனியைப் படம் எடுக்கிறார், இரண்டாவது டீயும் சொல்கிறார். அப்போதுதான் கடைசி வண்டி உள்ளே திரும்புகிறது. ஓட்டியவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைக்கிறார். முதல் வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ‘என்னங்ணா, கிளம்பலாமுங்களா?’ வெளியே வைத்த கால் உள்ளே போகிறது. இதை இக்கட்டுரையாளர் ‘ஒற்றைக்கால் விதி’ என்று பெயரிட முன்மொழிகிறார். கூட்டோட்டத்தில் ஓய்வு, தேவைக்கு நேர்மாறாகப் பங்கிடப்படுகிறது என்பதே அதன் சாரம். அதிகம் களைத்தவருக்குக் குறைந்த டீ.

ஆழியாறு சோதனைச்சாவடியில் வனத்துறையினர் பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது சரியான செயல். ஆனால் அதில்தான் பின்சீட்டுப் பிள்ளைகளுக்கென வைத்திருந்த கேரிபேக்கும் போய்விடும். வளைவுகளில் உள்காது ஒன்று சொல்ல, முன்சீட்டின் முதுகையே பார்க்கும் கண் வேறொன்று சொல்ல, வயிறு இருவரையும் நம்பாமல் காலையில் தின்ற பொங்கலைத் திருப்பிவிடும். ஓட்டுபவருக்கு இது வருவதில்லை; அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவர் உடம்புக்கு முன்பே தெரியும். கெட்டியான காகிதப் பையும் எலுமிச்சம்பழமும் அட்டவணையின் முதல் வரியில் இருக்க வேண்டியவை. எந்த அட்டவணையிலும் இருந்ததில்லை.

மேலேறும் வண்டிக்கே வழி என்பது 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் சொல்வது. அரசுப் பேருந்துக்கே வழி என்பது மலை சொல்வது. வளைவில் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். கீழிருந்தே அதன் ஹாரனுக்குக் காது கொடுத்து ஒதுங்கி நிற்பவரே நல்ல ஓட்டுநர். அந்தப் பேருந்தை ஓட்டுபவர் ஸ்டிக்கர் இல்லாமல், கிளப் இல்லாமல், இந்த நாற்பது வளைவுகளையும் பிழைப்பாக ஏறி இறங்குகிறார். ஒன்பதாவது வளைவில் நாம் எல்லோரும் இறங்கி அணையையும், பாறையில் நிற்கும் வரையாட்டையும் பார்த்து வாய்பிளந்து நிற்கும்போது, அவர் இடது கையால் கியரைத் தட்டிவிட்டு நம்மைக் கடந்து போவார். அந்த முகத்தில் தெரியும் அலட்சியத்தை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும்.

வளைவுகளால் ஒரே ஒரு நன்மை உண்டு. சமவெளியில் முக்கால் கிலோமீட்டருக்கு நீண்ட வரிசை இங்கே மடிந்துகொள்கிறது. கடைசி வண்டிக்காரர் முதன்முறையாக முதல் வண்டியைப் பார்க்கிறார், தலைக்கு நேர் மேலே.

அட்டகட்டி தாண்டிக் கவர்க்கல் வந்தால் மூடுபனி. இங்கேதான் பலர் நான்கு இண்டிகேட்டரையும் ஒருசேரத் தட்டிவிட்டு ஊர்த் திருவிழா நடத்துகிறார்கள். நான்கும் மின்னினால் வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? ஹைபீம் போட்டால் பனித்துளிகள் வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அடிக்கும்; லோபீம்தான் சரி. கண்ணாடி உட்புறமாக மங்கினால் துணியால் துடைத்துப் பயனில்லை. உள்ளே ஐந்து பேர் விடும் மூச்சின் ஈரம் அது. ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் போகும். மார்கழிக் குளிரில் ஏசியா என்று பாட்டி ஒருத்தி பின்சீட்டிலிருந்து கேட்பாள். அவளுக்கு இயற்பியல் விளக்க நேரமில்லை; ஜாக்கெட்டை அவளிடம் கொடுத்துவிடலாம்.

தீர்வு என்ன? மிக மெதுவான வண்டியை இரண்டாவது இடத்தில் விடுவது பழைய உபாயம். ஹெரால்டின் வேகமே எல்லோருக்கும் வேகமாகிவிடும். அதைவிட முக்கியமானது, முன்னால் போகிறவரைத் துரத்தும் வழக்கத்தை ஒழிப்பது. ஒவ்வொருவரும் தன் பின்னால் வருபவருக்கு மட்டும் பொறுப்பு. கண்ணாடியில் அவரைக் காணோமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். திருப்பத்தில் அவர் வரும்வரை ஓரங்கட்டி நிற்க வேண்டும். இப்படிப் பதினான்கு பேர் செய்தால் சிக்னல் என்ன செய்தாலும் வரிசை அறாது. கடைசி இடத்தில் வண்டி வேலை தெரிந்த, பொறுமைசாலியான ஒருவரை வைப்பார்கள். அவரிடம் ஸ்பேனரோடு ஒரு ஃபிளாஸ்க் டீயும் இருக்கட்டும் என்பது இக்கட்டுரையாளரின் சிறு திருத்தம்.

இந்த மார்கழியில் அட்டவணை போடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘தேநீர்: 7.10 முதல் 7.30 வரை’ என்று எழுதாதீர்கள். ‘கடைசி வண்டியின் இன்ஜின் நின்றதிலிருந்து இருபது நிமிடம்’ என்று எழுதுங்கள். கடைக்காரரிடம் இரண்டு வடையை எடுத்துவைக்கவும் சொல்லிவிடுங்கள்.